அச்சமும் வெகுளியும்: தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் அறம் பிறழ்ந்த தலைமை மாந்தர்

ஆய்வுச் சுருக்கம்

அறம் பிறழ்ந்த ஒருவரை நடுவில் நிறுத்தும் தொடர்கள் பார்வையாளரை ஏன் ஈர்க்கின்றன என்ற வினாவை, 'விடாது கருப்பு', 'எதிர்நீச்சல்', 'ஆட்டோ சங்கர்' ஆகிய மூன்று தமிழ்த் தொடர்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கும் வெகுளிக்கும் வகுத்துள்ள நிலைக்களன்கள் இவ்வாய்விற்குக் கருவியாகின்றன. ஈர்ப்பின் தன்மையைத் தீர்மானிப்பது தீமையின் அளவன்று. கதை செய்வோரின் பக்கம் நிற்கிறதா, செயலுக்கு ஆட்பட்டோரின் பக்கம் நிற்கிறதா என்பதே என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், வெகுளி, மர்மத் தொடர், எதிர்நிலைத் தலைவன், சதுக்கப் பூதம், திருவான்மியூர்

முன்னுரை

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் நடிகரும் இயக்குநருமான ஜி. மாரிமுத்து சென்னையில் காலமானார். 'எதிர்நீச்சல்' தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர், மீளவில்லை. அந்நாளின் இரங்கல்களில் முன்னின்றவை அவர் இயக்கிய 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) ஆகிய படங்கள் அல்ல. ஆதி குணசேகரன் என்னும் பாத்திரமே. குணசேகரன் எத்தகையவர்? படித்த பெண்களாகத் தேடித் தம் வீட்டிற்கு மருமக்களாகக் கொண்டுவந்து, அவர்களுடைய படிப்பை அடுக்களையில் முடக்கியவர். தம்பியரை ஏவலாளராகவும் அவர்தம் மனைவியரை ஊதியமற்ற பணிப்பெண்களாகவும் நடத்தியவர். நாள்தோறும் அவரைத் திட்டிக்கொண்டே தொடரைப் பார்த்தவர்கள்தாம், அவருடைய 'இந்தாம்மா ஏய்' என்ற அதட்டலை நினைவுகூர்ந்து கண்கலங்கினர்.

நடிகர்மீது கொண்ட அன்பு வேறு, பாத்திரத்தின்மீது கொண்ட அன்பு வேறு எனக் கூறி இதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் அந்த நடிகர்மீது அன்பு பிறந்தது அப்பாத்திரத்தின் வழியாகவே என்பது மறுக்கவியலாதது. பொறுத்துக்கொள்ளவியலாத ஒருவரை ஒன்றரை ஆண்டுக்காலம் நடுவீட்டில் அமர்த்திப் பார்த்திருக்கும் மனநிலை விளக்கம் வேண்டி நிற்கிறது.

உலகத் தொலைக்காட்சியில் இது புதிய செய்தியன்று. 'சோப்ரானோஸ்' (1999), 'பிரேக்கிங் பேட்' (2008) ஆகியவை குற்றவாளியைத் தலைவனாக்கின. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (2011) இருண்ட புனைவுலகில் நல்லோர் தீயோர் என்ற கோட்டையே கலைத்தது. இவற்றை விளக்க எழுந்த கோட்பாடுகளுள் திரைப்பட அறிஞர் மர்ரே ஸ்மித்தின் பகுப்பு பயனுடையது. ஒரு பாத்திரத்தோடு உடனிருத்தல் வேறு, அதனோடு உடன்படுதல் வேறு என்பார் அவர். கதை நம்மை ஒருவரோடு நெடுநேரம் உடனிருக்கச் செய்யலாம். அதனாலேயே நாம் அவரை ஏற்றுக்கொண்டதாகாது. எனினும் தொடர் என்ற வடிவத்தில் உடனிருத்தல் மெல்ல உடன்பாடாகக் கசிவதைக் காண்கிறோம். இரண்டரை மணி நேரத் திரைப்படம் வேறு. ஆண்டுக்கணக்கில் இரவுணவு வேளையில் வீட்டிற்குள் வந்துபோகும் ஒருவர் வேறு.

தமிழ் ஆய்வுலகில் இப்பொருள் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு தடங்களிலேயே செல்கிறது. ஒன்று, இத்தொடர்கள் குடும்பத்தைக் கெடுக்கின்றன என்ற முறையீடு. மற்றொன்று, பார்வையாளரின் அடக்கப்பட்ட விழைவுகளுக்கு இவை வடிகால் என்ற உளவியல் விளக்கம். முன்னது ஆய்வன்று. பின்னது எதனையும் விளக்கிவிடக்கூடியது. அதனாலேயே எதனையும் விளக்காதது. கருப்பும் குணசேகரனும் ஆட்டோ சங்கரும் ஒரே வடிகால்தான் எனில், மூவரையும் பார்க்கும்போது நாம் உறும் உணர்வு மூவகையாக இருப்பது ஏன்?

அச்சத்திற்கு ஆட்கள், வெகுளிக்குச் செயல்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் அச்சத்திற்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறுகிறார். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என நான்கினைக் கூறுகிறார். இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு புலனாகிறது. அச்சத்தின் நான்கும் செய்வோர். வெகுளியின் நான்கும் செயல்கள். அஞ்சும்போது நாம் ஓர் உருவைக் காண்கிறோம். வெகுளும்போது நிகழ்ந்துவிட்ட ஒன்றை, அது யாருக்கு நிகழ்ந்ததோ அவர் பக்கம் நின்று காண்கிறோம். கொலை என்ற ஒரே நிகழ்வு, கொன்றவன்மேல் விளக்கு விழும்போது கள்வரால் வரும் அச்சமாகவும், கொலையுண்டவர்மேல் விழும்போது வெகுளியாகவும் ஆகிறது.

உரையாசிரியர்கள் இவற்றை விரித்திருக்கும் முறையும் நோக்கத்தக்கது. பேயும் பூதமும் முதலாயின அணங்கு. தீத்தொழில் புரிவோர் கள்வர். தந்தையும் ஆசிரியரும் அரசரும் முதலாயினோர் இறை. தந்தையை அச்சத்தின் பட்டியலில் வைத்த இவ்வுரைக்குறிப்பு, நம் குடும்பத் தொடர்களைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிடக் கூர்மையானது என்பது என் எண்ணம். வெகுளியின் கொலையைப் பேராசிரியர் உயிர்க்கொலையோடு நிறுத்தவில்லை. ஒருவருடைய அறிவையும் புகழையும் கொன்றுரைத்தலும் அவர் கருத்தில் கொலையே.

பேராசிரியர் எழுப்பும் இன்னொரு சிக்கலும் இங்கு உதவும். புலியைக் கண்டு ஒருவன் அஞ்சுகிறான். அஞ்சியவனை வேறொருவன் காண்கிறான். காண்பவனுக்கு அச்சம் தோன்றாது. நகையோ இரக்கமோதான் தோன்றும் என்பது அவருடைய வாதம். சுவை புலியிடத்தும் அஞ்சினவனிடத்துமாக இருவயின் நிற்பது என்பதனை நிறுவ அவர் இதனைக் கூறினார். தொலைக்காட்சிக்கு இதனைப் பொருத்தினால், இயக்குநர் ஒவ்வொரு காட்சியிலும் செய்யும் தேர்வு இதுவே எனலாம்: புலியைக் காட்டுவதா, அஞ்சுகிறவரைக் காட்டுவதா?

புலியையே காட்டிக்கொண்டிருந்தால் அச்சம் நெடுநாள் அச்சமாக நிற்பதில்லை. மருட்கைக்குத் தொல்காப்பியர் கூறும் களன்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. தீயவனின் புதுமை, அவன் ஆற்றலின் பெருமை, சிறு நிலையிலிருந்து அவன் அடைந்த ஆக்கம் ஆகிய மூன்றுமே 'எதிர்நிலைத் தலைவன்' தொடர்களின் அன்றாட உணவு. அச்சம் வியப்பாகிறது; வெகுளி வெளியே நிற்கிறது.

கருப்பும் சதுக்கப் பூதமும்

சன் தொலைக்காட்சி 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம், இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்தில், நாகாவின் இயக்கத்தில் 'மர்மதேசம்' வரிசையை உருவாக்கியது. அவ்வரிசையில் மிகுதியும் நினைவுகூரப்படுவது 'விடாது கருப்பு'. ஒரு சிற்றூரில் குற்றம் செய்தோர் இரவில் கொல்லப்படுகின்றனர்; குதிரையேறி வரும் காவல் தெய்வமே கொல்வதாக ஊர் நம்புகிறது. கொலைகளுக்குக் காரணம் தெய்வமன்று, ஒருவனுக்குள் பிளவுற்று வாழும் இன்னோர் ஆளுமை என்பது இறுதியில் வெளிப்படுகிறது. நாம் நெடுநாள் உடனிருந்த ஒருவனே அவன்.

வாரம் ஒருமுறை ஒளிபரப்பு என்பது இங்கு இன்றியமையாத கூறு. ஏழு நாள் இடைவெளியில் பார்வையாளர் தத்தம் விளக்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தனர். தெய்வமா, மனிதனா என்ற ஐயம் நிலைத்த காலம் முழுவதும் கொலை அணங்கின் செயலாக இருந்தது. அணங்கின் செயலுக்கு அறத்தீர்ப்பு வழங்குவார் இல்லை. உளமருத்துவ விளக்கம் வந்ததும் ஐயம் தீர்ந்தது. அதனோடு அச்சமும் தீர்ந்தது. தொடரைச் சிறுவயதில் பார்த்த பலருக்குக் குதிரைக் குளம்பொலி நினைவிருக்கும் அளவிற்கு முடிவின் விளக்கம் நினைவில் இல்லாததை உரையாடல்களில் கண்டிருக்கிறேன். 'அந்நியன்' (2005) திரைப்படம் இதே பிளவாளுமையைத் திருவல்லிக்கேணி வழக்கறிஞர் ஒருவருக்கு ஏற்றியது. அங்கும் கொலைக்குக் கருட புராணமும் நோயும் இரட்டைச் சாக்காயின.

இக்கட்டமைப்பிற்குத் தமிழில் நெடிய முன்வரலாறு உண்டு. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரின் சதுக்கப் பூதம், பொய்த்தவ வேடத்தாரையும் அறைபோகும் அமைச்சரையும் பிறர்மனை நயப்போரையும் பொய்ச்சான்று பகர்வோரையும் புறங்கூறுவோரையும் பாசத்தால் கட்டிப் புடைத்து உண்பது. குற்றவாளிப் பட்டியலும் தண்டனையும் ஒருங்கே கொண்ட அப்பூதத்தைக் கருப்பின் முன்னோர் எனல் மிகையாகாது. ஆனால் இளங்கோவடிகள் பூதத்தை அறிமுகம் செய்ததோடு நிறுத்தவில்லை. அடைக்கலக் காதையில் அப்பூதம் ஒருவனைப் பிடிக்கிறது. அவன் பொய்ச்சான்று கூறியவன், குற்றம் உறுதி. ஆயினும் கதை அவனுடைய தாயின் துயரத்திற்குத் திரும்புகிறது. அவள் துயரம் கண்ட கோவலன் அவன் உயிருக்கு ஈடாகத் தன் உயிரைக் கொள்ளுமாறு வேண்டுகிறான். பூதம் மறுத்து அவனைக் கொன்றபின், கோவலன் அத்தாயையும் சுற்றத்தையும் பல ஆண்டுகள் புரக்கிறான்.

தண்டிக்கும் பூதத்தின் கதையில் தண்டனை பெற்றவனின் தாய்க்கு இடம் உண்டு. பூதத்தின் நீதி தவறு எனக் காவியம் கூறவுமில்லை. 'விடாது கருப்பு' உள்ளிட்ட நம் மர்மத் தொடர்கள் நழுவவிட்டது இவ்விடத்தையே. கொல்லப்பட்டவன் தீயவன் என நிறுவப்பட்டதும் அவன் வீட்டில் விளக்கு அணைந்ததைக் கதை பார்ப்பதில்லை. அடுத்தது யார் என்ற வினாவே அடுத்த வாரத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். பாலசந்தர் கணக்காயர் அலுவலகப் பணியோடு சபா நாடகங்களால் அறியப்பட்டவர். மயிலாப்பூர், தியாகராய நகர்ச் சபாக்களின் மேடை வரவேற்பறை சார்ந்தது. நகைச்சுவையும் குடும்பச் சிக்கலும் அதன் இயல்பு. அம்மேடையைப் பார்த்துப் பழகிய வீடுகளுக்குள் காவல் தெய்வத்தை அரிவாளுடன் கொண்டுவந்தது மின்பிம்பங்களின் துணிவு. ஆனால் அத்தெய்வம் தொலைவில் உள்ள சிற்றூரின் தெய்வமாகவே வந்தது. மயிலாப்பூருக்கும் எல்லைத் தெய்வம் உண்டு: கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழா, கோலவிழி அம்மனுக்குச் செய்யும் கிராமதேவதை வழிபாட்டோடுதான் தொடங்குகிறது. தம் தெருக்கோடியில் உக்கிர தெய்வத்தை வைத்திருக்கும் நகரவாசி, உக்கிரத்தைக் காணத் தொலைக்காட்சியில் வேற்றூர் செல்கிறார். 'சுழல்' (2022) மயானக் கொள்ளையைக் காண மலையடி ஊருக்குச் சென்றதும் இவ்வழியே. இருண்ட கதைக்கு வேறு ஊர் வேண்டும் என்ற இவ்வழக்கம், கட்டுரையின் இறுதிப் பகுதியில் ஓரிடத்தில் உடைகிறது.

இறையாகிய குணசேகரன்

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் தொடங்கியது, இயக்கியவர் திருச்செல்வம். 'கோலங்கள்' தொடரில் ஆதித்யா என்ற எதிர்நாயகனைப் படைத்து முன்பே பயிற்சி பெற்றவர் அவர். கதை மதுரையில் நிகழ்கிறது. ஒளிபரப்பும் நிறுவனமோ மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே எம்.ஆர்.சி. நகரில் உள்ளது. கொடுங்கோல் குடும்பத்தலைவரும் தென்மாவட்டத்திற்குத்தான் உரியவர் என்பதுபோல் சென்னை அவரைப் பார்க்கிறது. இது சென்னைக்கு வசதியான ஒரு நம்பிக்கை.

இத்தொடர் 'விடாது கருப்பி'லிருந்து வேறுபடும் இடம் அடுக்களை. ஈசுவரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் கூடிப் பேசும் காட்சிகளில் நாம் அஞ்சுகிறவர்களைப் பார்க்கிறோம்; புலி அங்கு இல்லை. பேராசிரியர் கூறியவாறே அக்காட்சிகளில் நமக்கு அச்சம் தோன்றுவதில்லை. நகையும் இரக்கமும் தோன்றுகின்றன. நந்தினியின் வாய்த்துடுக்கு நகை. ஈசுவரியின் மௌனம் இரக்கம். மேலும், இழைக்கப்பட்ட தீங்குகளுக்குப் பெயர் சொல்லப்படுகிறது. இன்னாருடைய படிப்பு, இன்னாருடைய பாட்டு, இன்னாருடைய சமையல் திறன் எனக் கொன்றுரைக்கப்பட்டவை கணக்கில் வைக்கப்படுகின்றன. பேராசிரியர் பொருளில் இவை கொலைகள். ஆகவே இத்தொடரில் வெகுளிக்கு நிலையான இருக்கை உண்டு.

அவ்வாறெனில் குணசேகரன் ஏன் விரும்பப்பட்டார்? இங்கு ஒரு தடையை எதிர்கொள்ள வேண்டும். வெகுளியை இருக்கையில் அமர்த்தினால் ஈர்ப்பு ஒழியும் என்பது என் கருதுகோள் எனில், 'எதிர்நீச்சல்' அதனைப் பொய்ப்பிக்கிறது. நான் அவ்வாறு கருதவில்லை. ஈர்ப்பு ஒழிவதில்லை, வகை மாறுகிறது. கருப்பின்மீது கொண்டது வியப்பு. குணசேகரன்மீது கொண்டது அறிமுகம். மாரிமுத்து அப்பாத்திரத்தைப் பேருருவாக நடிக்கவில்லை. துண்டை உதறுவது, கழுத்தைச் சொறிவது, சொல்லவந்ததை விட்டுவிட்டு வேறொன்றிற்குத் தாவுவது எனத் தோற்றுப்போகக்கூடிய மனிதராகவே நடித்தார். 'இந்தாம்மா ஏய்' என்பது அச்சுறுத்தல் தீர்ந்துபோன இடத்தில் எழும் ஒலி. வேறு சொல் கிடைக்காதவரின் அதட்டல். இறை, மனிதராகச் சுருங்குகிறது. சுருங்கிய இறையைக் கண்டு சிரிப்பதில் வீட்டுப் பெண்களுக்கு உள்ள உரிமை, பார்வையாளருக்கும் வழங்கப்படுகிறது. நம் வீடுகளில் சிரிக்கமுடியாமல் போன தந்தையரைப் பார்த்து இத்தொடரில் சிரிக்க முடிந்தது எனின், அக்கண்ணீரும் விளங்கும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. மீம்களில் குணசேகரன் தனியே வாழத் தொடங்கினார். அங்கு அடுக்களை இல்லை; நால்வர் இல்லை; அதட்டல் மட்டும் உண்டு. தொடரில் நகைக்குரியதாக இருந்த ஒலி, துண்டாக வெட்டப்பட்டதும் பெண்ணை அடக்கும் வேடிக்கைத் தொடராகப் பயன்பட்டது. மாரிமுத்துவிற்குப் பின் வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். தொடர் 2024 சூனில் முடிவுற்றுப் பின்னர் புதிய பெயரில் தொடர்ந்தது.

திருவான்மியூர்

இதுவரை பேசிய இருவரும் புனைவு. மூன்றாமவர் புனைவல்லர், வேற்றூரினரும் அல்லர். அடையாற்றிலிருந்து தெற்கே, மருந்தீசுவரர் கோயிலுக்கும் கலாக்ஷேத்திராவிற்கும் நடைதூரத்தில் உள்ள பகுதி திருவான்மியூர்ப் பெரியார் நகர். அங்கு வாழ்ந்த கௌரி சங்கர் என்ற ஆட்டோ ஓட்டுநர், சாராயக் கடத்தலிலும் பாலியல் தொழில் நடத்துவதிலும் வளர்ந்து, 1980களின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31இல் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 1992இல் அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரலில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 1995 ஏப்ரல் 27ஆம் நாள் சேலம் மத்திய சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வழக்கு கதையாக்கப்பட்ட வரலாற்றில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது, 1990 பொங்கலுக்கு வெளிவந்த 'புலன் விசாரணை'. ஆர்.கே. செல்வமணியின் முதற்படமாகிய இது அவ்வழக்கின் சாயலைக் கொண்டது. ஆனால் தலைவன் காவல் அதிகாரி. குற்றவாளி எதிரே நின்றவர். வெகுளி, மிகையான வசனங்களோடு ஆயினும், அப்படத்தில் உரிய இடத்தில் இருந்தது.

இரண்டாவது கட்டம் சங்கரே எழுதிய தன்வரலாறு. சிறையில் எழுதப்பட்டு, மனைவி வழியாக வழக்கறிஞரிடம் சேர்க்கப்பட்ட அதனை 'நக்கீரன்' இதழ் வெளியிட முற்பட்டது. ஆட்சிப் பணி, காவல் பணி அதிகாரிகள் சிலருக்குச் சங்கரோடு இருந்த நெருக்கத்தை அது கூறுவதாக அறிவிக்கப்பட்டபோது, சிறைத்துறைத் தலைமை அதிகாரி வெளியீட்டிற்கு எதிராக எச்சரித்தார். இதழாசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7ஆம் நாள் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களின் அடிப்படையில் அமையும் பகுதியை ஒருவரின் இசைவின்றியும் வெளியிடலாம். அதற்கு அப்பால் செல்வது அவருடைய தனிமை உரிமையில் தலையிடுவதாகும். வெளியீட்டிற்கு முன்னரே தடுக்க அரசுக்கும் அதிகாரிகளுக்கும் அதிகாரமில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு வரை தனிமை உரிமை பற்றிய பேச்சில் இவ்வழக்கு இடம்பெற்று வருகிறது.

சட்ட மாணவர் இதனைப் பத்திரிகை உரிமையின் வெற்றியாகப் படிப்பர், அது சரியே. இலக்கிய மாணவர் வேறொன்றையும் காணவேண்டும். யார் கதை சொல்லலாம் என்ற வினாவில் இதழுக்கு உரிமை உண்டா, அதிகாரிகளுக்குத் தடுக்கும் உரிமை உண்டா, சிறைக்கைதிக்குத் தன் கதை மீது உரிமை உண்டா என்பவையே ஆராயப்பட்டன. கொலையுண்ட அறுவரின் குடும்பத்தார் அவ்வழக்கில் தரப்பினர் அல்லர். சட்டப்படி அவர்கள் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் கொன்றவனின் குரல் தன்மையில் ஒலிக்கத் தொடங்கிய அக்கணத்தில், கதையின் உடனிருப்பு இடம் மாறிவிட்டது. சங்கரைக் காத்த அதிகாரிகளை வெளிப்படுத்தியது பொதுநலன். அதே எழுத்து அவரை எழுத்தாளராக்கியது பக்கவிளைவு. இரண்டையும் பிரித்துப் பெறுவதற்கு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

மூன்றாவது கட்டம் 2019இல் ஜீ5 தளத்தில் வெளிவந்த 'ஆட்டோ சங்கர்'. ரங்காவின் இயக்கத்தில் பத்துப் பகுதிகள். தலைமைப் பாத்திரத்தில் மலையாள நடிகர் அப்பானி சரத். தொடரின் பெயரே அவர் பெயர். அவர் எழுச்சியோடு கதை எழுகிறது; அவர் வீழ்ச்சியோடு முடிகிறது. சிறுமையும் ஆக்கமும் புதுமையும் முறையாக வந்து மருட்கையை நிறைக்கின்றன. அரசியல், காவல்துறை உடந்தையைக் காட்டுவது தொடரின் நேர்மையான பகுதி. ஆனால் அவ்வுடந்தையே சங்கருக்குச் சாக்காகவும் பணிபுரிகிறது: மேலே உள்ளவர்கள் இன்னும் தீயவர்கள் என்றால், கீழே உள்ளவர் துணிச்சல்காரராகிவிடுகிறார். கருப்பிற்குத் தெய்வமும் நோயும் சாக்கு. சங்கருக்கு அமைப்பு சாக்கு.

புனைவில் இவ்வுத்தி தீங்கற்றதாகலாம். கருப்பினால் கொல்லப்பட்டவர்கள் எங்கும் வாழ்ந்தவர்கள் அல்லர். பெரியார் நகரில் கொல்லப்பட்டவர்கள் வாழ்ந்தவர்கள். அவர்களுள் சிலருடைய உடல்கள் வீடுகளுக்குள் புதைக்கப்பட்டிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களைத் தொடர் கதைநகர்வின் படிகளாக ஆக்கும்போது, உறுப்பறையும் குடிகோளும் அலையும் கொலையும் ஆகிய நான்கு களன்களும் நிகழ்ந்த ஒரு வழக்கிலிருந்து வெகுளி முற்றாக வெளியேற்றப்படுகிறது. தலைவனின் ஆட்டோவும் கண்ணாடியும் நடையும் நினைவில் நிற்கின்றன. 'புலன் விசாரணை'யின் கூச்சலைக் கலைக் குறை என்று கூறிவந்தவன் நான். இத்தொடரைப் பார்த்தபின் அக்கூச்சல் எதன் பொருட்டு எழுந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அறம் பிறழ்ந்தோரைத் தலைவராக்கலாகாது என்பது இதன் பொருளன்று. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' (1946) எதிர்த்தலைவனைத் தலைவனாக்கியது. 1948இல் தடைசெய்யப்பட்டு 1971இல் தடை நீங்கப்பெற்றது. அது யார் தீங்கிழைத்தவர், யார் தீங்குற்றவர் என்பதையே மாற்றி வாதிட்ட நூல். வெகுளியை அது இடம் மாற்றியதே தவிர நீக்கவில்லை. 'அந்த நாள்' (1954) நாட்டைக் காட்டிக்கொடுத்த வானொலிப் பொறியாளனை நடுவில் நிறுத்தியது; ஆனால் அவனைச் சுற்றியிருந்தோரின் வாய்மொழிகளாலேயே அவனைக் கட்டியது. அவனோடு நாம் தனியே உடனிருக்கவில்லை. சங்கரின் வழக்கை அவ்வாறு கூறியிருக்க இயலும். அண்டை வீட்டார், ஆட்டோ நிறுத்தத்தார், காணாமற் போனவரைத் தேடிக் காவல் நிலையம் சென்றவர் என வாய்மொழிகளுக்குக் குறைவிருந்திராது.

இக்கட்டுரையும் அறுவரின் பெயர்களை எழுதவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். அவர்தம் உறவினர் இந்நகரில் வாழ்ந்துகொண்டிருக்கக் கூடும் என்பதே காரணம். அது போதிய காரணமா என்ற ஐயம் எனக்கு உண்டு. முதுகலை வகுப்பில் மெய்ப்பாட்டியல் பாடத்தை ஒட்டி இத்தொடரைப் பற்றிப் பேச நேர்ந்தது. தலைவன் எவ்வாறு நடப்பான், எவ்வாறு புகைப்பான் என மாணவர்கள் நடித்தே காட்டினர். கொலையுண்டோர் எத்தனை பேர் என்று கேட்டபோது நால்வர், ஐவர், பதின்மர் என விடைகள் வந்தன. பெரியார் நகருக்கு அருகில் வசிக்கும் மாணவி ஒருவர், அவர்களுடைய பெயர்கள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா, ஐயா, என்று வினவினார். உச்ச நீதிமன்றத்தின் 1994 ஏப்ரல் தீர்ப்பில் உள்ளன என்றேன். அடுத்த வாரம் அதன் படியைக் கொணர்ந்து வகுப்பில் படித்தோம். படித்து முடிக்கும்வரை எவரும் நடித்துக் காட்டவில்லை.